சாவி யார் கையில்? மையமில்லாச் செயலிகள்: ஓர் அறிமுகம்

2017-ஆம் ஆண்டின் நடுவில் ஹேடன் ஆடம்ஸ் என்ற அமெரிக்க இளைஞருக்கு சீமென்ஸ் நிறுவனத்தில் வேலை போயிற்று. படித்தது இயந்திரப் பொறியியல். நிரல் எழுதிப் பழக்கமில்லை. எத்தீரியம் என்ற பொதுக் கணினி வலையமைப்பின் அறக்கட்டளையில் பணியாற்றிக்கொண்டிருந்த நண்பர் கார்ல் ஃப்ளோர்ஷ், எத்தீரியத்தில் நிரல் எழுதக் கற்றுக்கொள் என்று உசுப்பிவிட்டார். பழகிப் பார்க்க ஒரு கணக்கு வேண்டுமே! எத்தீரியத்தை உருவாக்கிய விட்டாலிக் புட்டரின் இணையத்தில் எழுதிப்போட்ட ஒரு யோசனையை ஃப்ளோர்ஷே எடுத்துக் கொடுத்தார். ஏறத்தாழ ஒன்றேகால் ஆண்டு கழித்து, 2018 நவம்பர் 2 அன்று, பிராக் நகரில் எத்தீரியம் நிரலாளர் மாநாடு முடிகிற நாளில், ஆடம்ஸ் தன் நிரலைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தார். அதற்கு யூனிஸ்வாப் என்று பெயர்.

அது ஒரு டோக்கனைக் (மின்னணு நாணயம் போன்றது) கொடுத்து இன்னொரு டோக்கனை வாங்கும் சந்தை. சந்தை என்றால் தரகர் இருப்பார், கணக்கெழுதுபவர் இருப்பார், இரவில் கதவைச் சாத்துபவர் இருப்பார். இங்கே யாரும் இல்லை. இருப்பதெல்லாம் சில நூறு வரி நிரல் மட்டுமே. அதற்கு நிர்வாகி கிடையாது, நிறுத்தும் பொத்தான் கிடையாது. எழுதிய ஆடம்ஸே நினைத்தாலும் ஒரு வரியைத் திருத்த முடியாது. அதற்குப் பிறகு பல புதிய பதிப்புகள் வந்துவிட்டன. முதல் பதிப்பு இன்றும் அதே இடத்தில், அதே விதியோடு கிடக்கிறது.

மையமில்லாச் செயலி, சுருக்கமாக டிஆப், என்று சொல்லப்படுவதன் சுத்தமான வடிவம் இதுதான். தொடங்குபவர் இது ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவற்றை எடைபோடுவது எளிது. ஆகவே அதன் உள்ளே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

வழக்கமான சந்தையில் வாங்குபவர் ஒரு விலை கேட்பார், விற்பவர் ஒரு விலை சொல்வார். இரண்டும் பொருந்தினால் வியாபாரம். யூனிஸ்வாப்பில் எதிரே ஆள் இல்லை. பொதுக் குளம் ஒன்று இருக்கிறது. அதில் எத்தீரியத்தின் நாணயமான ஈதர் 10-உம், ஒன்று ஒரு டாலர் மதிப்புள்ள டாலர் டோக்கன் 20,000-உம் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 2,00,000. வியாபாரம் நடந்த பிறகும் அந்தப் பெருக்குத்தொகை குறையக் கூடாது என்பதுதான் ஒரே விதி. ஒருவர் 1 ஈதர் கேட்கிறார். குளத்தில் மிஞ்சுவது 9. பெருக்குத்தொகை 2,00,000 ஆக நிற்க வேண்டுமென்றால் டாலர் பக்கம் 22,222 இருந்தாக வேண்டும். ஆக, அவர் போட வேண்டியது 2,222 டாலர். கணக்குப்படி ஓர் ஈதர் 2,000 டாலர்தானே என்றால், குளம் சின்னது. பத்தில் ஒரு பங்கை ஒரே மூச்சில் அள்ளினால் விலை ஏறத்தான் செய்யும். அதே குளத்தில் 1,000 ஈதரும் 20 லட்சம் டாலரும் இருந்திருந்தால் அவர் 2,002 டாலர் கொடுத்தால் போதும். இதற்கு மேல் 0.3 சதவீதக் கட்டணம் உண்டு. அது குளத்தில் தங்கள் டோக்கன்களைப் போட்டு வைத்திருப்பவர்களுக்குப் போகிறது. வெளிச்சந்தை விலைக்கும் குளத்து விலைக்கும் இடைவெளி விழுந்தால், அதில் லாபம் பார்க்க வருபவர்களே வாங்கி விற்று அதைச் சரிசெய்துவிடுகிறார்கள்.

எட்டாம் வகுப்பு அல்ஜீப்ரா. இதன் மேல் பின்னாளில் கோடிக்கணக்கான டாலர் வியாபாரம் ஓடியது என்பது இந்தத் துறையின் மிக அழகான சங்கதி. பிறகு வந்த பலவும் இந்த அளவு எளிமையாக இல்லை. அதனாலேயே பலவும் உடைந்தன.

இந்த எண்ணத்தின் வேர் இணையத்தின் தொடக்க காலத்திலேயே இருக்கிறது. 1990-களில் நிக் ஸாபோ என்ற கணினியியலாளர் ‘ஸ்மார்ட் கான்ட்ராக்ட்’ பற்றி எழுதினார். காசு போட்டால் பானத்தைத் தள்ளும் தானியங்கி இயந்திரத்தை அவர் அதற்கு முன்னோடியாகக் காட்டினார்: ஒப்பந்தமும் அதை நிறைவேற்றும் கையும் ஒரே பெட்டிக்குள். ஆனால் பெட்டி யாருடையது என்ற கேள்வி நின்றது. பெட்டிக்காரர் சாவியைப் போட்டுத் திறந்தால் எல்லாம் முடிந்தது. 2009 ஜனவரியில் ஓடத் தொடங்கிய பிட்காயின் அதற்கு ஒரு வழி காட்டியது. கணக்குப் புத்தகத்தை ஒருவரிடம் வைக்காமல், உலகெங்கும் உள்ள கணினிகள் எல்லாம் ஒரே பிரதியை வைத்துக்கொண்டு, புதிய பக்கம் சேர்க்கும்போது ஒன்றையொன்று சரிபார்க்கும் ஏற்பாடு அது; பக்கங்கள் சங்கிலியாகக் கோக்கப்படுவதால் பிளாக்செயின் என்று பெயர். பிட்காயின் பெரும்பாலும் பணக் கணக்கோடு நின்றது. எந்த நிரலையும் அப்படி ஓட்டலாமே என்று 2013-இன் இறுதியில் எழுதியபோது புட்டரினுக்கு வயது 19. 2015 ஜூலை 30 அன்று எத்தீரியம் இயங்கத் தொடங்கியது.

வழக்கமான செயலியின் நிரலும் தரவும் ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். நிறுவனம் விதியை மாற்றலாம், கணக்கை முடக்கலாம், கடையையே மூடலாம். எத்தீரியத்தில் ஏற்றிய நிரலை ஆயிரக்கணக்கான கணினிகள் ஒவ்வொன்றும் தானே ஓட்டிப் பார்த்து, ஒரே விடை வருகிறதா என்று உறுதி செய்கின்றன. ஒரே வேலையை ஆயிரம் பேர் செய்வது வீண் இல்லையா? வீண்தான். நம்பிக்கைக்குக் கொடுக்கும் விலை அது. அந்த விலையைப் பயனரிடமிருந்து ‘கேஸ்’ என்ற பெயரில் வசூலிக்கிறார்கள். ஒருவர் மற்றொருவருக்கு ஈதர் அனுப்ப 21,000 அலகு கேஸ் ஆகும். யூனிஸ்வாப் போன்ற நிரலைக் கூப்பிட அதைப்போலப் பல மடங்கு. கூட்டம் சேர்ந்தால் அலகின் விலையும் எகிறும். 2017 டிசம்பரில் கிரிப்டோகிட்டீஸ் என்ற பூனை வளர்க்கும் விளையாட்டு ஒன்று மொத்த எத்தீரியத்தையும் திணறடித்தது. உலகக் கணினி என்று சொல்லிக்கொண்டிருந்தது, கார்ட்டூன் பூனைக்குட்டிகளால் வழியடைத்து நின்றது!

நெரிசலைக் குறைக்க எத்தீரியத்தின் மேல் துணைப் பாதைகள் போடப்பட்டன. அவற்றில் பெயர்பெற்ற பாலிகான், 2017-இல் ஜெயந்தி கனானி, சந்தீப் நெய்ல்வால், அனுராக் அர்ஜுன் ஆகிய இந்தியர்கள் ‘மேட்டிக்’ என்ற பெயரில் தொடங்கியது. இன்னொரு குறை மின்செலவு. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் சரிபார்ப்பு முறையை மாற்றியதில், அதன் மின்செலவு 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. பிளாக்செயின் என்றாலே மின்சாரத்தைக் குடிக்கும் பூதம் என்ற பழைய குற்றச்சாட்டு இன்று பிட்காயினுக்குப் பொருந்தும், எத்தீரியத்துக்குப் பொருந்தாது.

விதியை மாற்ற முடியாது என்பது வரம்தானா? 2016 ஏப்ரலில் ‘தி டாவ்’ என்ற கூட்டு முதலீட்டு நிதி எத்தீரியத்தில் பிறந்தது. மேலாளர் கிடையாது, பணம் போட்டவர்களே வாக்களித்து முதலீட்டை முடிவு செய்வார்கள். ஒரே மாதத்தில் சுமார் 15 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் குவிந்தது. ஜூன் 17 அன்று அது கசியத் தொடங்கியது.

ஓட்டை இருந்த இடம் மிகச் சிறியது. உறுப்பினர் ஒருவர் தன் பங்கைத் திரும்பக் கேட்டால், நிரல் முதலில் பணத்தை அனுப்பும். அதன் பிறகு அவர் கணக்கில் இருப்பைக் கழிக்கும். பெறுபவர் மனிதராக இருந்தால் வம்பில்லை. இங்கே பெற்றுக்கொண்டது இன்னொரு நிரல். பணம் கைக்கு வந்த அந்தக் கணத்திலேயே, இருப்பு கழிக்கப்படுவதற்கு முன், அது மீண்டும் ‘என் பங்கைக் கொடு’ என்று கேட்டது. ஏடு இன்னும் பழைய இருப்பையே காட்டியதால் மீண்டும் பணம் வந்தது. மீண்டும் கேட்டது. இப்படியே 36 லட்சம் ஈதர் போனது. இரண்டு வரிகளை இடம் மாற்றி எழுதியிருந்தால் நடந்திருக்காது.

திருட்டா அது? நிரலே ஒப்பந்தம், நிரல் சொல்வதே இறுதி என்றுதான் தி டாவின் விதிமுறைகள் சொல்லியிருந்தன. அப்படியானால் எடுத்தவர் ஒப்பந்தப்படி நடந்துகொண்டவர்தானே என்ற வாதம் அப்போதே எழுந்தது. நல்லவேளையாக, எடுத்த பணத்தை வெளியே கொண்டுபோகச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும் என்ற விதியும் நிரலுக்குள் இருந்தது. அந்த அவகாசத்தில் எத்தீரியம் சமூகம் அடித்துக்கொண்டு விவாதித்து, ஜூலை 20 அன்று வரலாற்றையே திருத்தி எழுதியது: பணம் போட்டவர்களுக்கே திரும்பக் கிடைக்கும்படி சங்கிலி பிரிக்கப்பட்டது. மாற்ற முடியாது என்றுதானே வந்தோம் என்று ஒரு கூட்டம் மறுத்துவிட்டுப் பழைய சங்கிலியிலேயே நின்றது. அதுதான் இன்றும் வணிகமாகும் எத்தீரியம் கிளாசிக்.

அடுத்த ஆண்டு வந்த விபத்துக்கு அந்தக் கருணை கிடைக்கவில்லை. 2017 நவம்பரில், சங்கிலியிலேயே பணத்தை வைத்துக் காக்கும் பாரிட்டி என்ற வாலட் (பணப்பை) மென்பொருளின் பொது நிரல் ஒன்றை யாரோ ஒரு பயனர் தொட்டுப் பார்த்திருக்கிறார். அதற்கு உரிமையாளர் யாரும் பதிவாகவில்லை. அவர் தன்னை உரிமையாளராக்கிக்கொண்டு, அந்த நிரல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் கட்டளையையும் கொடுத்துவிட்டார். அந்த நிரலை நம்பியிருந்த வாலட்டுகள் எல்லாம் உறைந்தன. உள்ளே 5,13,774 ஈதர். மீட்க ஒரு திருத்தம் கொண்டுவரலாம் என்று 2018-இல் முன்மொழிந்தார்கள். ஆதரவு கிடைக்கவில்லை. பணம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி அங்கேயே கிடக்கிறது.

இந்த இரண்டு கதைகளிலும் கோளாறு நிரலில் இருந்தது. ஆனால் இன்று நடக்கும் பெரிய இழப்புகளில் பல, நிரலைத் தொடாமலே நடப்பவை. அது எப்படி என்று புரிய, ஒரு பயனர் பொத்தானை அழுத்தும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

யூனிஸ்வாப்பின் வலைப்பக்கத்தைத் திறக்கிறார். அந்தப் பக்கம் பிளாக்செயினில் இல்லை; வழக்கமான இணையதளம்தான். பெயர், கடவுச்சொல் எதுவும் கேட்பதில்லை. ‘வாலட்டை இணை’ என்கிறது. உலாவியில் நரி முகத்தோடு மெட்டாமாஸ்க் சாளரம் எட்டிப் பார்க்கிறது. வாலட் என்ற பெயர் இருந்தாலும் இந்த வகை வாலட்டுக்குள் பணம் இல்லை. பணம் சங்கிலியில் இருக்கிறது, வாலட்டில் இருப்பது சாவி. அந்தச் சாவியின் மூல வடிவம் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள். டோக்கனை விற்பதென்றால் முதலில் ‘அனுமதி’ ஒன்றில் கையொப்பம் இட வேண்டும்: ‘என் கணக்கிலிருந்து இந்த டோக்கனை எடுக்க இந்த நிரலுக்குச் சம்மதம்.’ ஒவ்வொரு முறையும் கேட்டால் கேஸ் செலவாகுமே என்று பல தளங்கள் எல்லையில்லா அனுமதியாகக் கேட்டு வாங்கிவிடும். பிறகுதான் மாற்றும் கட்டளை. வாலட் அதைக் கையொப்பமிட்டு ஏதாவது ஒரு எத்தீரியக் கணினிக்கு அனுப்ப வேண்டும். சொந்தமாக ஒன்றை ஓட்டுபவர் அபூர்வம். மெட்டாமாஸ்க் தானாக அனுப்புவது இன்ஃபியூரா என்ற சேவைக்கு. இரண்டும் கன்சென்சிஸ் என்ற ஒரே நிறுவனத்தின் பிள்ளைகள். அங்கிருந்து வலையமைப்புக்குப் போய், 12 நொடிக்கு ஒன்றாகச் சேரும் தொகுதிகளில் ஏதோ ஒன்றில் ஏறுகிறது.

ஆக, யாராலும் அசைக்க முடியாத நிரலுக்கும் பயனரின் விரலுக்கும் நடுவில் ஒரு வலைப்பக்கம், ஒரு வாலட், ஒரு இணைப்புச் சேவை. மூன்றுக்கும் முதலாளி உண்டு.

2020 நவம்பர் 11 அன்று இன்ஃபியூரா சில மணி நேரம் படுத்தது. எத்தீரியம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மெட்டாமாஸ்க்கை நம்பியிருந்தவர்களுக்கு அது ஓடவில்லை. வாடிக்கையாளருக்காக டோக்கன்களை வைத்து வாங்கி விற்கும் சில பெரிய பரிமாற்றகங்கள் ஈதர் எடுப்பதையே நிறுத்தி வைத்தன. 2021 ஜூலையில் யூனிஸ்வாப் நிறுவனம் தன் வலைப்பக்கத்திலிருந்து நூறு டோக்கன்கள் வரை மறைத்தது. நிரலில் அவற்றை இன்னும் வாங்கலாம், விற்கலாம்; வேறு பக்கம் வழியாகப் போகத் தெரிந்தவருக்கு மட்டும்.

2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் பரிமாற்றகத்திலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் ஒரே வீச்சில் போனது. அதுவரை வெளியில் தெரிந்தவற்றில் இத்துறையின் மிகப் பெரிய கொள்ளை. அந்த ஈதர் இருந்தது, பலர் சேர்ந்து கையொப்பமிட்டால்தான் திறக்கும் ஒரு வாலட் நிரலில். அதில் ஓட்டை எதுவும் இல்லை. அந்த வாலட்டின் வலைப்பக்கத்தை உருவாக்கும் ஒருவரின் கணினிக்குள் புகுந்து, பக்கத்தின் ஸ்கிரிப்டை மாற்றியிருந்தார்கள். கையொப்பமிட்டவர்களின் திரையில் தெரிந்தது வழக்கமான பணப் பரிமாற்றம். அவர்கள் உண்மையில் ஒப்புக்கொண்டது வாலட்டின் கட்டுப்பாட்டையே தாரைவார்க்கும் கட்டளை. வட கொரியாவின் கைவரிசை என்று எஃப்.பி.ஐ. அறிவித்தது.

‘மையமில்லாதது’ என்ற பலகையை மாட்டிக்கொண்டு மையத்தோடு இருப்பவை இன்னொரு வகை. வியட்நாமின் ஸ்கை மேவிஸ் நிறுவனம் நடத்திய ஆக்ஸி இன்ஃபினிட்டி விளையாட்டு, ரோனின் என்ற சொந்தச் சங்கிலியில் ஓடியது. அதைக் காத்தவை ஒன்பது சாவிகள்; ஐந்து சேர்ந்தால் பெட்டகம் திறக்கும். அந்த ஒன்பதில் நான்கு ஸ்கை மேவிஸ் கையிலேயே இருந்தன. ஐந்தாவதைப் பயன்படுத்த, வேலைப்பளு காரணமாகத் தற்காலிகமாக வாங்கிய அனுமதியைத் திரும்பக் கொடுக்க மறந்துவிட்டார்கள். 2022 மார்ச் 23 அன்று 1,73,600 ஈதரும் 2 கோடியே 55 லட்சம் டாலர் டோக்கனும் திருடுபோயின. போனது தெரிந்ததே ஆறு நாள் கழித்து, ஒரு பயனர் தன் பணத்தை எடுக்க முடியவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான்.

அந்தப் பணத்தில் ஒரு பகுதி டொர்னாடோ கேஷ் வழியாகப் போனது. யார் போட்டது, யார் எடுத்தது என்று தொடர்புபடுத்த முடியாதபடி ஈதரைக் கலக்கித் தரும் நிரல் அது. யூனிஸ்வாப்பைப் போலவே நிறுத்தும் பொத்தான் இல்லாதது. 2022 ஆகஸ்ட் 8 அன்று அமெரிக்கக் கருவூலம் அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஆளையோ நிறுவனத்தையோ தடை செய்வது பழைய வழக்கம். இங்கே தடைக்கு உள்ளானது நிரல். இணையதளம் மறைந்தது, மூலநிரல் கிட்ஹப் என்ற நிரல் சேமிப்புத் தளத்திலிருந்து நீக்கப்பட்டது. சங்கிலியில் இருந்த நிரல் மட்டும் தன் பாட்டுக்கு ஓடியது. யாரோ குறும்பாக, தொலைக்காட்சிப் பிரபலம் ஜிம்மி ஃபாலன் உள்ளிட்டோரின் வாலட்டுகளுக்கு அதிலிருந்து 0.1 ஈதர் அனுப்பி வைத்தார். வேண்டாம் என்று மறுக்க அங்கே வசதி இல்லை; பெற்றவர்கள் எல்லாம் ஏட்டளவில் தடையை மீறியவர்கள் ஆனார்கள்.

சட்டம் இன்னும் தடுமாறிக்கொண்டுதான் இருக்கிறது. யாருக்கும் சொந்தமில்லாத, மாற்ற முடியாத நிரலை ‘சொத்து’ என்று கொண்டு தடை செய்ய முடியாது என 2024 நவம்பரில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. 2025 மார்ச்சில் தடை நீங்கியது. நிரல் தப்பித்தது, எழுதியவர்கள் தப்பவில்லை. அலெக்ஸி பெர்ட்செவுக்கு நெதர்லாந்து நீதிமன்றம் 64 மாதச் சிறை விதித்தது. ரோமன் ஸ்டார்மை, உரிமமின்றிப் பணப் பரிமாற்றத் தொழில் நடத்தச் சதி செய்ததாக நியூயார்க் ஜூரி 2025 ஆகஸ்டில் குற்றவாளி என்றது. மற்ற இரு குற்றச்சாட்டுகளில் ஜூரிக்குள் ஒருமித்த முடிவு இல்லை. அந்த வழக்கை நடத்திய நீதிபதி கேதரின் போக் ஃபெய்லாதான், மோசடி டோக்கன்களால் நஷ்டப்பட்டவர்கள் யூனிஸ்வாப் மீது தொடுத்த வழக்கை 2023-இல் தள்ளுபடி செய்தவர். அங்கே நிரல் எழுதியவர் பொறுப்பில்லை, இங்கே பொறுப்பு. எல்லைக்கோடு எங்கே என்று நிரலாளர்களுக்கு இன்னும் தெளிவாகவில்லை.

இவ்வளவு தலைவலிக்கு இது தேவைதானா என்று கேட்டால், 2022 நவம்பரைப் பார்க்க வேண்டும். சாம் பேங்க்மன்-ஃபிரைடின் எஃப்.டி.எக்ஸ் பரிமாற்றகம் திவாலானது. வாடிக்கையாளர் பணத்தில் பல நூறு கோடி டாலர் ஓட்டை. அது வெளியில் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் கணக்குப் புத்தகம் அவர்கள் கையில் இருந்தது. அதே வாரத்தில் யூனிஸ்வாப்பும், அடமானம் வைத்துக் கடன் தரும் ஆவே, மேக்கர் போன்ற நிரல்களும் வழக்கம்போல இயங்கின. எந்தக் குளத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை எவரும் எந்த நேரமும் பார்க்க முடிந்தது. மேலாளரை நம்ப முடியாத இடத்தில், அல்லது மேலாளரே கிடைக்காத இடத்தில், இந்தத் தொழில்நுட்பத்துக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது. யு.பி.ஐ. போல எல்லோரும் ஏற்கும் நடுவர் ஒருவர் இருந்து, செலவில்லாமல், தவறினால் புகார் சொல்ல வழியும் இருக்கும்போது, தேநீர்க் கடையில் காசு கொடுக்க இது எதற்கு? அதற்கும் பிளாக்செயின் வேண்டும் என்று விற்க வருபவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

முயன்று பார்க்க விரும்புபவர், இழந்தால் வலிக்காத சிறு தொகைக்கென்று தனி வாலட் வைத்துக்கொள்வது நல்லது. 12 சொற்களைக் கேட்டு வருபவர் யாராக இருந்தாலும், எந்த நிறுவனத்தின் உதவி மையம் என்று சொன்னாலும், அவர் திருடர்தான். கேட்பதற்கு வேறு காரணமே கிடையாது. எதேர்ஸ்கேன் போன்ற தளங்களில் ஒரு நிரலின் முகவரியைப் போட்டால், அதன் மூலநிரல் வெளியிடப்பட்டிருக்கிறதா என்று தெரியும். விதியை மாற்றும் உரிமை எந்த முகவரியிடம் இருக்கிறது என்பதையும் பல நேரம் அங்கேயே கண்டுபிடிக்கலாம். ஒரே ஆளின் முகவரியாக இருந்தால், ‘மையமில்லாதது’ என்பது விளம்பரம். பழைய அனுமதிகளை அவ்வப்போது ரத்து செய்துவிடுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் இத்தகைய டோக்கன்களில் வரும் லாபத்துக்கு 30 சதவீத வருமான வரி. ஒரு டோக்கனைக் கொடுத்து இன்னொன்றை வாங்கினாலும் அது விற்பனையாகவே கொள்ளப்படும், ஒன்றில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. நடுவில் நிறுவனம் இல்லாததால் கணக்குப் பட்டியலும் யாரும் தரமாட்டார்கள். ஒவ்வொரு மாற்றத்தின் தேதியையும் ரூபாய் மதிப்பையும் நீங்களேதான் குறித்து வைக்க வேண்டும்.